தலைக்காயம் ஆறிய பின்னும் தீராத சோர்வு

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பத்து மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஐந்து நாள் நினைவில்லாமல் ஐ.சி.யு.வில் இருந்தார். இப்போது ஸ்கேனில் ஒன்றுமில்லை, தைராய்டு டெஸ்ட்டும் நார்மல் என்கிறார்கள். ஆனால் எப்போதும் களைப்பு, குளிர் தாங்குவதில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. தினமும் ஷேவ் செய்தவருக்கு இப்போது வாரம் ஒருமுறையே போதுமாக இருக்கிறது. வீட்டார் சோம்பேறி என்கிறார்கள். இது மனச்சோர்வா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஷேவிங் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. களைப்பும் நாட்டமின்மையும் மனச்சோர்விலும் வரும். தாடி வளர்வதே குறைந்திருந்தால், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவரைச் சோம்பேறி என்பது பெரும் அநியாயம்.

தைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல், விந்தகம் ஆகிய மூன்றுக்கும் உத்தரவிடும் பிட்யூட்டரி சுரப்பி, பட்டாணி அளவில், மூளையின் அடியில் மெல்லிய காம்பு ஒன்றில் தொங்குகிறது. அதற்கான ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை அந்தக் காம்பின் வழியே இறங்குவதால், தலை மோதிக் குலுங்கும்போது அவை எளிதில் சேதமடைகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. அபூர்வமான கோளாறும் அல்ல: 2007-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தலைக்காயமடைந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு பிட்யூட்டரி ஹார்மோன் குறைபாடு காணப்பட்டது.

தைராய்டு ‘நார்மல்’ என்றது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை மட்டும் வைத்தா என்று பாருங்கள். டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான் என்பதால், அது பழுதாகியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4 டெஸ்ட் அவசியம். அதோடு காலை எட்டு மணிக்குக் கார்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், பிட்யூட்டரியே சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், சோடியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். விபத்தின்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அதற்குள் யார் சொன்னாலும் தைராய்டு மாத்திரையோ டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ தொடங்கவே வேண்டாம். கார்டிசால் குறைந்திருப்பதை அறியாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால், உடலில் மிச்சமிருக்கும் கார்டிசாலும் விரைவாகச் செலவாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கார்டிசாலைச் சரிசெய்த பிறகே தைராய்டுக்கு வர வேண்டும். காய்ச்சலோடு வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஏதேனும் வந்தால் மருத்துவர் குறித்த தேதிவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் சென்று, தலையில் அடிபட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.