ஜெயித்தவர்களை விடு, அம்மாவைப் பேச வை

தம்பி, பி.காம். முடிப்பதற்குள் பாட்காஸ்ட் ஆரம்பித்து, ஜெயித்தவர்களைப் பேட்டி எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பேட்டிகளைப் பெரிய ஸ்டூடியோவும் மூன்று கேமராவும் வைத்து ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அதே வரிசையில் கடைசி ஆளாகப் போய் நீ ஏன் நிற்க வேண்டும்?

போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தாய்: அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறார், விடியும் முன்பே கிளம்பிவிடுவார் என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் படும் பாடு, அக்டோபரில் மழை இறங்கி உப்பளம் ஓய்ந்துவிட்டால் அடுத்த மாதங்களில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது... இதையெல்லாம் சென்னையிலிருந்து மைக்கோடு வருகிறவரிடம் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்வார்கள். அப்புறம் துறைமுகம், மீன் ஏலம், மக்ரூன் போடும் பேக்கரி என்று உன் ஊரே ஆறு எபிசோடுக்குக் காத்திருக்கிறது.

மைக் வாங்கக் கடன் வாங்காதே. போன் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் பக்கம் உட்காருங்கள், எதிரொலி குறையும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். உப்பு வாருகிற சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய். “வணக்கம் நண்பர்களே” வேண்டாம், அந்தச் சத்தத்திலேயே எபிசோடைத் தொடங்கு. பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான்.

ஒன்று முக்கியம். கூலி பற்றிப் பேசுகிறவர்களிடம் வெளியிடும் முன் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்கு, பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடு. அவர்கள் பிழைப்பு அது.

இதில் வருமானம் வருமா என்று உன் அப்பா கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன்: முதல் வருடம் காசு வரும் என்று நம்பி இறங்காதீர்கள், படிப்பை விடவும் வேண்டாம். ஆனால் அகில இந்திய வானொலி நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு வைப்பார்கள், ஆடியோ நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அங்கே போகும்போது சான்றிதழோடு நீ செய்த ஆறு எபிசோடையும் காட்டலாம்.

தேர்வு மாதத்துக்கு இரண்டு எபிசோடை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பதினைந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்பு, எதையும் வெட்டாமல்.