தாவர மருந்துகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மஞ்சளிலுள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கும் என்றால், மஞ்சள் தூளையே கூடுதலாகச் சாப்பிட்டால் போதாதா?

போதாது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதிலும் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறி வெளியேறிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரின், இரத்தத்தில் சேரும் குர்குமினை ஏறத்தாழ 20 மடங்கு கூட்டியதாக 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதே பைப்பரின், நீங்கள் விழுங்கும் மற்ற மாத்திரைகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: மூன்று மாதமாக ஒரு மூலிகைப் பொடி சாப்பிடுகிறேன். தொடரலாமா?

எந்த மூலிகை, எவ்வளவு, எந்த நோய்க்கு, கூடவே என்ன மருந்து? இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சொல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் எழுத முடியாது.

கேள்வி: நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களே, கீமோதெரபியை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு அந்த இலைச் சாற்றைக் கொடுக்கலாமா? ஆய்வகத்தில் செல்கள் செத்ததாகச் செய்தி வந்திருக்கிறது.

கூடவே கூடாது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடி தந்தவைதாம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை உருவாகவிடாமல் தடுத்து, வேகமாகப் பெருகும் செல்களைச் சாகடிக்கின்றன. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினோ, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குப் பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதுவும் சிரை வழியாக மட்டுமே. அந்தத் துளி மருந்துக்கே விரல் நுனி மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நோயாளிகள் தடுமாறுவதுண்டு. ஒரு கைப்பிடி இலையில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்து கொடுக்கப்போகிறார்கள்?

அந்தச் செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆண்டுக்கணக்காக இதையே எழுதிவருகிறேன். ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள் மீது ஒரு பொருளை நேரடியாக ஊற்றுகிறார்கள். அங்கே கல்லீரலும் இல்லை, குடலும் இல்லை. குர்குமினைத் தட்டில் மைக்ரோமோலார் கணக்கில் ஊற்றுவார்கள். அதையே கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோலார் அளவுதான் தென்படும். போதாக்குறைக்கு அதன் மஞ்சள் நிறமும் ஒளிர்வும் அளக்கும் கருவியையே ஏமாற்றி, இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டக்கூடும். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து, 1962-இல் பட்டை சேகரிக்கப்பட்டதிலிருந்து 1992-இல் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெறும்வரை 30 ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. உங்கள் அப்பாவின் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சாறு ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: புகைபிடிக்கிறேன். கேரட்டிலுள்ள நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கினால் நுரையீரலைக் காக்குமா?

காக்காது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், அதை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகையை விடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரையோடு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்காதீர்கள். லேசான, மிதமான மனச்சோர்வில் அது பலன் தருவதற்குச் சான்று உண்டு. ஆனால் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மூலிகையிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வீரியத்தையும் குறைத்துவிடும். மூலிகையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் அந்தத் தூண்டல் தணிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.