குடும்பத் தைலத்துக்கு வேறொருவர் காப்புரிமை கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: ஆறாத புண்ணுக்கான மூலிகைத் தைலம் ஒன்றை எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் காய்ச்சிக் கொடுத்து வருகிறோம். செய்முறை பூசை அறையில் உள்ள ஓலைச்சுவடியில் இருக்கிறது. அதை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது குரு வாக்கு. ஏறக்குறைய இதே சேர்மானத்துக்கு ஒரு மருந்து நிறுவனம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாக அண்மையில் அறிந்தோம். எங்களை அவர்கள் தடுக்க முடியுமா? நாங்களே காப்புரிமை பெறலாமா?

பதில்: விண்ணப்பம் வெளியிடப்பட்டிருக்கிறது என்பதற்காக இன்று யாரும் உங்கள் அடுப்பை அணைத்துவிட முடியாது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் மீறல் வழக்கே தொடர முடியும். அப்படித் தொடர்ந்தாலும், அந்தக் காப்புரிமை செல்லாது என்பதற்கான காரணங்கள் அனைத்தையும் எதிர்வாதமாக வைக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதுவரை காத்திருப்பது செலவும் மனவுளைச்சலும் மிகுந்த வழி. இப்போதே எதிர்ப்பதே நல்லது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கப்படும் வரை எவரும் 7ஏ படிவத்தில் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கப்பட்ட பின்னும் அந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் எதிர்க்கலாம். அப்போது நீங்கள் தொடர்புடைய நலன் கொண்டவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் முழு வாசகத்தைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் எடுத்து, அதன் இறுதியில் உள்ள உரிமைக்கோரல்களை வரிவரியாகப் படியுங்கள். நிறுவனம் உண்மையில் எதைத் தனதென்கிறது என்பது அங்கேதான் தெரியும்; தலைப்பைப் பார்த்து அஞ்சுவோர் பலர்.

உங்களுக்குச் சாதகமான சட்டக் காரணங்கள் வலுவானவை. பாரம்பரிய அறிவாகவே இருப்பதையும், மரபில் அறியப்பட்ட பொருள்களின் அறியப்பட்ட பண்புகளைத் தொகுத்துத் தருவதையும் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்கிறது 3(p) பிரிவு. உள்ளூர்ச் சமூகங்களிடம் வாய்மொழியாக வழங்கும் அறிவும் எதிர்ப்புக்கு ஆதாரமாகும். இது சிறிய விஷயம் அன்று. மஞ்சள்தூள் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, வெளிநாட்டில் மக்கள் கைப்பழக்கமாகச் செய்துவருவதை அந்நாட்டின் அன்றைய சட்டம் ஆதாரமாக ஏற்கவில்லை; அச்சில் வந்திருக்க வேண்டும். இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் தேடியெடுத்துக் கொடுத்த பிறகே, 1997இல் அந்தக் காப்புரிமையின் உரிமைக்கோரல்கள் நிராகரிக்கப்பட்டன. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்துவதற்கான ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் ரத்தானது, இந்தியாவில் அது முன்பே பயன்பாட்டில் இருந்ததைக் காட்டிய சாட்சியங்களால்தான்; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இத்தகைய வழக்குகளின் பாடத்திலிருந்தே 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. அதில் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றுள்ளன.

இனிச் சுவடி. எதிர்ப்பு மனுவுடன் அதன் நகலைக் கொடுத்தால் அது விண்ணப்பதாரரின் கைக்கும் போகும். குரு வாக்கு மீறப்படும். மறுபுறம், ஒரு வீட்டுக்குள் மட்டும் மறைந்திருக்கும் செய்முறையைப் பொதுவில் அறியப்பட்டதாக நிறுவுவது கடினம். எனவே சுவடியைத் தொடாமல் தொடங்குமாறு அழுத்தமாகச் சொல்வேன். அதே மூலிகைச் சேர்மானம் அச்சில் வந்த சித்த நூல்களில் இருக்கிறதா என்று ஒரு பட்டதாரி சித்த மருத்துவரைக் கொண்டு தேடுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பல மருத்துவச் சுவடிகளைப் பதிப்பித்துள்ளது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உண்டு. கிடைத்தால் உங்கள் இரகசியம் உங்களிடமே இருக்க, ஆதாரம் வேறிடத்திலிருந்து வந்துவிடும். அதனுடன் பழைய கணக்கேடுகள், மூலிகை வாங்கிய ரசீதுகள், தைலம் பெற்றவர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். இவை அனைத்தும் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது பொதுவாக அது முதன்முதலில் தாக்கலான நாளுக்கு, முந்தைய நிலையைக் காட்டுவனவாக இருக்க வேண்டும். இவையும் போதாதெனில் மட்டுமே சுவடியைப் பற்றிக் குடும்பத்தாருடன் கலந்து முடிவெடுங்கள்.

நீங்களே காப்புரிமை பெறுவது பற்றிக் கேட்டீர்கள். நிறுவனத்தைத் தடுக்கும் அதே 3(p) பிரிவு உங்களையும் தடுக்கும். தாத்தா காய்ச்சிய முறைக்கு அது கிடைக்காது. தைலத்தின் ஆயுளைக் கூட்டும் புதிய தயாரிப்பு முறை போன்ற, நீங்களே கண்டறிந்து சோதனையால் நிறுவக்கூடிய ஏதேனும் இருந்தால் அதற்குக் கேட்கலாம். அப்படியெனில் விண்ணப்பிக்கும் முன் அதைக் காணொளியாகவோ கட்டுரையாகவோ வெளியிடாதீர்கள். வெளியிட்ட நொடியே புதுமை போய்விடும் ஆபத்து உண்டு. இந்திய மூலிகைகளைப் பயன்படுத்தும் கண்டுபிடிப்பு என்பதால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

தைலத்தின் பெயருக்கு வணிகக்குறி பதிவது இதைவிட எளிது; பெயரைப் பதிவதற்குச் செய்முறையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் முதல் வேலையாக இந்த வாரமே அந்த விண்ணப்பத்தின் எண்ணையும், வெளியான தேதியையும் குறித்துக்கொண்டு காப்புரிமை முகவர் ஒருவரைப் பாருங்கள்.