ஃபுகுஷிமாவுக்கு ஒருநாள் போய்வர: மீட்டர் எங்கே எகிறும்?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுற்றி மக்கள் விட்டுப்போன ஊர்களை ஒருநாள் பார்த்துவர ஆசை. பயமில்லாமல் போகலாமா? கையில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் வேண்டுமா?

பதில்: போகலாம். உயெனோவிலிருந்து ஜோபன் பாதையில் ஹிட்டாச்சி ரயில் ஏறினால், அணுமின் நிலையத்தை ஒட்டிய ஃபுதாபா ஊருக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமி, அணு உலை விபத்துக்குப் பிறகு துண்டாகிக் கிடந்த இந்தப் பாதை 2020 மார்ச்சில்தான் முழுதாக இணைந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். ஃபுதாபாவில் உள்ள பேரழிவு நினைவு அருங்காட்சியகம், சுனாமி தாக்கிய உகேதோ பள்ளி இரண்டுக்கும் அன்று விடுமுறை.

கணக்கு எளிது: மீட்டர் காட்டும் அளவை, அங்கே நிற்கும் மணிநேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 0.1 மைக்ரோ சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) உள்ள தெருவில் 8 மணி நேரம் நடந்தால் 0.8 மைக்ரோ சீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரேக்கு 50 முதல் 100 வரை ஆகும். ஆனால் இந்த நிம்மதி, சுத்தம் செய்த தரைக்கு மட்டும்தான்.

காரணம், விபத்தில் உலையிலிருந்து பரவிய கதிரியக்கப் பொருளான சீசியம்-137. இதன் அரை ஆயுள், அதாவது பாதியளவு சிதைய ஆகும் காலம், 30 ஆண்டுகள். அன்று விழுந்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் இன்னும் சிதையாமல் இருக்கிறது. களிமண் துகளைப் பிடித்துக்கொண்டால் விடாது. அதனால்தான் ஊருக்குள் மேல்மண்ணை 5 சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி, கறுப்பு மூட்டைகளில் கட்டி எடுத்துப்போனார்கள். காட்டில் அது நடக்கவில்லை. வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் ஓரத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே மீட்டர் எகிறும் இடங்கள் எவை என்று முன்கூட்டியே சொல்லலாம்: மரத்தடிச் சருகு, பாசி, சாலையோர வடிகால், கூரைத் தண்ணீர் குழாய்வழி கொட்டும் மூலை. மழை அடித்துவந்த வண்டல் அங்கேதான் தேங்கும்.

மீட்டர் கட்டாயமில்லை. கொண்டுபோனால், மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துச் சராசரியைப் பாருங்கள். எண் துள்ளத்தான் செய்யும். அணுக்களின் சிதைவு சீராக நடப்பதில்லை. பாசிமேல் மீட்டரை வைத்துவிட்டுப் பதறுவது பலர் செய்யும் தவறு. அது அந்தப் பாசியின் அளவு, உங்கள் உடம்பு வாங்கும் அளவு அல்ல.

மூடிய ஷூ, முழுக்கை போதும். பாதுகாப்பு உடை தேவையில்லை. மண்ணில் உட்காராதீர்கள். கடையில் விற்கும் உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்ற கண்டிப்பான வரம்பு உண்டு, தாராளமாகச் சாப்பிடலாம். காட்டுக் காளானையும் காட்டுக் கீரையையும் பறிக்கவே வேண்டாம், அவை சீசியத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தடுப்புக் கதவு போட்ட தெருவுக்குள் நுழையாதீர்கள். கைவிட்ட வீடு திறந்து கிடந்தாலும் அது யாரோ ஒருவருடைய வீடு. ஜன்னல் வழியே படம் எடுக்கக்கூடாது.

நேரம் குறைவாக இருந்தால் பக்கத்து ஊரான நாமியேயில் உள்ள உகேதோ தொடக்கப்பள்ளிக்கு முதலிடம் கொடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் தரை அமுங்கிக் கிடக்கிறது. மேடைக்கு மேலே பட்டமளிப்பு விழாப் பலகை அப்படியே தொங்குகிறது. அன்று பள்ளியில் இருந்த 82 குழந்தைகளும் குன்றை நோக்கி ஓடிப் பிழைத்தார்கள். பிழைத்த ஊரையும் மறுநாளே காலிசெய்ய வைத்தது அணு உலை. ஃபுகுஷிமா மாகாணத்தில் சுனாமியிலும் நிலநடுக்கத்திலும் நேரடியாக இறந்தவர்களைவிட, இடப்பெயர்வின் அலைச்சலிலும் மருத்துவம் தடைபட்டதிலும் பின்னர் இறந்தவர்கள் அதிகம், 2,300-க்கு மேல். பெரும்பாலும் முதியவர்கள்.

திரும்பும் ரயில்கள் குறைவு. ஃபுதாபாவில் இறங்கியதுமே மாலை வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.