சுத்தமாக வைத்திருந்தும் ரத்தத்தில் கிருமி வந்தது எப்படி?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. ரத்தப் புற்றுநோய்க்காக அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் உடம்பே தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. ரத்தத்தில் ஈ.கோலை என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி, ஊசி மருந்து போட்டுச் சரிசெய்தார்கள். மாஸ்க் இல்லாமல் நாங்கள் யாரும் அவன் அருகில் போனதில்லை. தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் கொடுத்தோம். பிறகு எப்படி வந்தது? அடுத்த வாரம் நெஞ்சில் உள்ள லைனுடன் (மருந்து செலுத்த ரத்தக்குழாயில் பொருத்திய மெல்லிய குழாய்) வீட்டுக்கு வருகிறான். மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அது காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. உடம்பு சுடவில்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் கிருமி பெருகி, ரத்த அழுத்தம் சரியத் தொடங்கிவிடும்.

ஒன்பதாம் நாள் வந்த அந்தக் கிருமியை நீங்கள் யாரும் கொண்டுவரவில்லை. ஈ.கோலை நம் எல்லோருடைய குடலிலும் வாழ்வது. மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோதெரபி, பழைய மஜ்ஜையோடு சேர்த்து வாயிலிருந்து குடல் வரை உள்ள மெல்லிய உட்பூச்சையும் அரித்துவிடுகிறது. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் நமக்குத் தெரிகிற அடையாளங்கள். அந்தப் புண்கள் வழியாக உள்ளே இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. குடலிலிருந்து ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், வாயிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அவற்றை விழுங்கி அழிக்க வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அந்த நாட்களில் கிட்டத்தட்ட பூஜ்யம். வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கும். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. 100-க்குக் கீழே ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பெரிய ஆபத்து. குடல் புண்ணாகியிருப்பதும் அணுக்கள் இல்லாதிருப்பதும் ஒன்றாகச் சேரும் நேரம்தான் அந்த ஒன்பதாம் நாள். உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை.

தொடர்ந்து மூன்று நாட்கள் நியூட்ரோபில் 500-க்கு மேல் இருந்தால் புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்போம். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அது நடக்கும். அதன்பின் குடலும் ஆறும். வீட்டுக்கு வந்த பிறகு கிருமிக்கு முக்கியமான வாசல் அந்த லைன்தான்.

லைனைத் தொடும் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதன் வாய்ப்பகுதியை ஆல்கஹால் பஞ்சால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாக உலர்ந்த பிறகே மருந்து செலுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே செலுத்துவது பலரும் செய்யும் தவறு. உலரும்போதுதான் கிருமி சாகிறது. மேலே ஒட்டும் கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். துணிக்கட்டு என்றால் 2 நாள்தான். நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். லைனைக் கழுவ மருந்து செலுத்திய அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்நடுக்கம் வந்தால், கிருமி லைனுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குமேல் அந்த லைனில் வீட்டில் எதையும் செலுத்தாதீர்கள்.

காய்ச்சலை நாக்குக்கு அடியில் பாருங்கள். ஏதாவது குடித்திருந்தால் 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது. சிறு கீறல்கூடக் கிருமிக்கு வழி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் புறப்பட்டுவிடுங்கள், நள்ளிரவானாலும். ஏற்றிய அணுக்கள் உடலைத் தாக்காமலிருக்க ஸ்டீராய்டு சாப்பிடுபவராக இருந்தால் காய்ச்சலே வராமல் போகலாம். மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவது, நிற்கும்போது கண் இருட்டுவது ஆகியவற்றையும் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் முதலில் பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுப்பார்கள். லைனிலிருந்து ஒன்று, கை நரம்பிலிருந்து ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்குச் சுமார் 10 மில்லி தேவை. ரத்தம் குறைந்தால் கிருமி சிக்காமல் போகும். லைன் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் லைன்தான் காரணம் என்று தெரியும். தோலில் வாழும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை என்றால் சில சமயம் லைனைக் காப்பாற்றலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இந்தக் கிருமிகள் லைனின் உட்சுவரில் பசைபோல் படிந்துகொள்வதால் மருந்து மட்டும் போதாது. லைனை எடுக்க வேண்டும் என்றால் தடுக்க வேண்டாம்.

முடிவு வரும்வரை ஆன்டிபயாடிக் காத்திருக்காது. வந்த 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். எந்த மருந்து என்பதில்தான் தம்பியின் பழைய கல்ச்சர் ரிப்போர்ட் உதவும். அந்த ஈ.கோலை எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது, எதற்குக் கட்டுப்படவில்லை என்று அதில் இருக்கும். எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி என்றால் அது குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்றே அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அணுக்கள் ஏறிய பிறகும் மண்ணீரலும் எதிர்ப்புப் புரதங்களும் தேறப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நிமோகாக்கஸ் என்ற கிருமி திடீரென்று ரத்தத்தில் பரவக்கூடும். தடுப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசியை 3 முதல் 6 மாதத்துக்குள் தொடங்குவது வழக்கம்; தேதியைச் சிகிச்சைக் குழுவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும், வரிசையில் உட்காரும் முன்பே, இதைச் சொல்லுங்கள்: “மஜ்ஜை மாற்று சிகிச்சை ஆனவர், நெஞ்சில் லைன் இருக்கிறது, இத்தனை மணிக்குக் காய்ச்சல் இவ்வளவு.” ரிப்போர்ட் நகலையும் அப்போதே கையில் கொடுங்கள்.