கண் அழுத்த அறுவை சிகிச்சை நிலைக்குமா என்று ஸ்கேன் முன்பே சொல்லிவிடுமா?

கண் அழுத்த நோய்க்கான (கிளாக்கோமா) அறுவை சிகிச்சை பலன் தருமா என்பதை ஸ்கேன் படம் பார்த்து முன்கூட்டியே அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாருக்கோ அறுவை முடிந்திருக்க வேண்டும். அழுத்தத்தின் எண்ணை மட்டும் நம்பிக்கொண்டு உறக்கமில்லாமல் இருக்கிறீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான்.

அம்மாவுக்குச் செய்தது டிராபெகுலெக்டமி. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வெண்விழியில் சிறு வழி திறப்பார்கள். அந்த நீர் மேல் இமைக்கு அடியில் ஒரு குமிழாகத் தேங்கி மெல்ல உறிஞ்சப்படும். உடம்புக்கோ அது ஒரு காயம். ஆற்றி மூடத்தான் பார்க்கும். தழும்பைத் தடுக்க அறுவையின்போதே மைட்டோமைசின் மருந்தும் வைத்தார்கள்.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம் கண் அழுத்தம் 14 மி.மீ. பாதரசம். எங்களுக்குப் பெரிய நிம்மதி. அன்று பார்த்த இளம் மருத்துவர் மட்டும் கண்ணின் முன்பகுதிக்கு ஓ.சி.டி. ஸ்கேன் (ஒளியால் திசுவின் அடுக்குகளைப் படம்பிடிப்பது) எடுக்கச் சொன்னார். குமிழின் சுவருக்குள் நீர் ஊறினால் அது படத்தில் கருமை கலந்து, சின்னச் சின்னப் பொந்துகளோடு தெரியுமாம். தழும்பு இறுகினால் ஒரே வெளுப்பாக இருக்குமாம். அம்மாவின் படம் வெளுத்திருந்தது. "இன்றைய எண் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, குமிழ்தான் சரியில்லை. ஒரு மாதம் வேண்டாம், அடுத்த வாரமே வந்துவிடுங்கள்" என்றார்.

அடுத்த வாரம் அழுத்தம் 24-க்கு ஏறியிருந்தது. அன்றே ஊசியால் தழும்பைக் கீறி மருந்து செலுத்தினார்கள். ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரே ஒருவரின் கதையை வைத்துப் பேசுகிறேன் என்று யாரேனும் சொல்லலாம். நான் மருத்துவர் அல்ல. படம் தவறாது என்று நான் சொல்லவும் இல்லை. முன்பு செய்த அறுவைகள், கண்ணில் இருக்கும் அழற்சி, ஆண்டுக்கணக்கில் கண்ணில் போட்டுவந்த சொட்டு மருந்துகள் எல்லாம் பலனைப் பாதிக்கும். இன்னொன்று, பார்வை நரம்புக்கு எடுக்கும் ஓ.சி.டி. வேறு. அது நரம்பு இழைகள் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று காட்டும். நோய் முற்றியபின் ஓர் அளவுக்குக் கீழே அதிலும் மாற்றம் தெரியாது. அப்போது, சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை எட்டுகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனைதான் துணை. இழந்த பார்வையை அறுவை மீட்டுத் தராது என்பதையும் உறவினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஆபரேஷன் செய்தும் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டுக் கேட்டே அம்மாவை அழவைத்தார்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சொட்டு மருந்துகள் மூன்றும் ஒரே அளவு வெள்ளைக் குப்பிகளில் வந்தன, பெயர் எறும்பு அளவு எழுத்தில். பார்வை மங்கியவர்களுக்கான மருந்தை எனக்கே கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது. ஒருநாள், காலையில் போட வேண்டிய மருந்தை இரவில் போட்டுவிட்டு அம்மா நடுங்கிப்போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு குப்பியிலும் ஒரு நிற நூலைச் சுற்றி வைக்கிறேன்.