மலைநடைப் பயணத்தில் டென்காரா முறையில் மீன் பிடிக்க என்னென்ன வேண்டும்?

ஜப்பானில் இரண்டு மூன்று நாள் மலைநடைப் பயணம் போகும்போது, முதுகுப்பையின் எடையைக் கூட்டாமல் டென்காரா முறையில் மீன் பிடிக்க எவை தேவை, புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நகோயாவில் வசிக்கும் நான் ஆறு ஆண்டுகளாகக் கோடைக்காலங்களில் கிஃபு மாகாணத்து மலையோடைகளுக்கு இந்தத் தூண்டிலோடு போய்வருகிறேன். நிபுணன் அல்லன், ஆனால் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துப் பழகியவன்.

டென்காரா என்பது ரீல் (நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை) இல்லாத தூண்டில். நீண்ட கோல், அதன் நுனியில் நேரடியாகக் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் இறகு சுற்றிய முள், அவ்வளவுதான். நம் ஊர்க் குளக்கரையில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி மண்புழு கோத்துப் போட்டவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும். ஆனால் இதில் புழுவும் தக்கையும் ஈயமும் கிடையாது. நீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. மலையோடைகளில் இவானா, யமமே, அமகோ ஆகிய மீன்களைப் பிடித்து வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் கையாண்ட முறை இது. இரை தேடவும் கோக்கவும் ஆகும் நேரம் மிச்சமாவது அவர்களுக்குப் பெரிய லாபமாக இருந்தது. 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய டென்காரா ஆசான் ஹிசாவோ இஷிகாகி அமெரிக்காவின் கேட்ஸ்கில் பகுதிக்குச் சென்று இதைச் செய்து காட்டினார். அதே ஆண்டில் டேனியல் கல்யார்டோ தமது டென்காரா யுஎஸ்ஏ நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானுக்கு வெளியே, முக்கியமாகப் பையின் எடையைக் கிராம் கணக்கில் பார்க்கும் மலைநடையாளர்களிடையே, இது பரவியது அதன் பிறகுதான்.

எடை குறைவு என்பது உண்மையே. ஆயினும் ரீலை வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு விலை உண்டு. கோலும் நரம்பும் சேர்ந்து எட்டும் தூரத்துக்கு மேல் முள் போகாது. மீதித் தூரத்தை நம் கால்கள்தான், மீனுக்குத் தெரியாமல், கடக்க வேண்டும். ஆகவே கருவிகளைப் பற்றிக் கொஞ்சமும், நடையைப் பற்றி நிறையவும் கவலைப்படுங்கள்.

கோலைப் பொறுத்தவரை, சுமார் 3.6 மீட்டர் நீளமுள்ள கார்பன் கோல் ஒன்று போதும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைப் போல ஒன்றினுள் ஒன்று அடங்கும் என்பதால், மடக்கினால் ஏறத்தாழ 55 செ.மீ. நீளமே இருக்கும், முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில் தண்ணீர்ப் புட்டிக்கு அருகில் நின்றுகொள்ளும். என்னுடையது 75 கிராம். மரங்கள் கவிந்த ஒடுங்கிய ஓடைகளுக்கு 3 மீட்டருக்குச் சற்று அதிகமான கோல் வசதியானது. கடையில் 6:4, 7:3 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 6:4 என்றால் கோல் நடுப்பகுதி வரை வளையும், 7:3 என்றால் நுனிப் பகுதியில் வளையும். தொடங்குபவருக்கு மெதுவாக வளையும் 6:4 கோல்தான் வீசும் தாளத்தைக் கற்றுக்கொடுக்கும் என்பது என் கருத்து.

நரம்பில் இரண்டு வகை உண்டு. முறுக்கிப் பின்னிய நரம்பு மெத்தென்று விழும். ஆனால் நீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும். ஒரே பருமனுள்ள ஃப்ளோரோகார்பன் நரம்பை, 3 அல்லது 3.5ஆம் எண்ணில், அதாவது சுமார் 0.3 மி.மீ. தடிமனில், வாங்குங்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். நைலானைவிட அடர்த்தி கூடியதாகையால் காற்றையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறமாக இருப்பது அவசியம், ஏனெனில் மீன் கடித்ததை நாம் அறிவது பெரும்பாலும் கையால் அல்ல, கண்ணால். கோலின் நீளத்துக்கே நரம்பை வெட்டி, அதன் முனையில் 0.15 மி.மீ. தடிமனுள்ள நிறமற்ற மெல்லிய நரம்பை ஒரு மீட்டர் கட்ட வேண்டும். இந்த மெல்லிய நரம்பைத் தடிமனாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இழுவை மிஞ்சும்போது கோல் முறியாமல் நரம்பு அறுந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான் அது மெலிந்திருக்கிறது.

இறகு கட்டிய முள்ளுக்குக் கெபாரி என்று பெயர். சாதாரணத் தையல் நூலைச் சுற்றி, பெட்டைக் காட்டுக்கோழியின் மென்மையான இறகை, அதன் இழைகள் முள்ளின் காதுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும்படி கட்டுவது சகாசா கெபாரி. பெருங்காற்றில் திரும்பிக்கொண்ட குடையைப் போல இருக்கும். கோலின் நுனியை லேசாக அசைத்தால் அந்த இழைகள் நீருக்குள் மடங்கி விரியும். உயிருள்ள ஏதோ ஒன்று என்று மீனுக்குத் தோன்ற அது போதும். எந்தப் பூச்சியின் அச்சும் அதில் இல்லை. இஷிகாகி ஒரே வகைக் கெபாரியை வைத்துக்கொண்டுதான் எல்லா ஓடைகளிலும் மீன் பிடிக்கிறார். நான் ஒரு மிட்டாய் டப்பாவில் பத்து எடுத்துச் செல்கிறேன். பத்தும் ஒரே வகை. மரக்கிளைகளுக்குக் கொடுத்தது போக மூன்று நான்கு மிஞ்சும். இவற்றோடு நரம்பு சுற்றும் வட்டு, நகவெட்டி, முள்ளைக் கழற்ற ஒரு சிறிய இடுக்கி. கோல் உட்பட எல்லாம் என் சமையலறைத் தராசில் 160 கிராம் காட்டின.

வீசுவதற்குத் தோள் வலிமை தேவையில்லை. ஆள்காட்டி விரலைக் கோலின் மேல் நீட்டிப் பிடித்து, முன்கையால் கோலைத் தூக்கித் தலைக்கு நேர் மேலே சட்டென்று நிறுத்த வேண்டும். நரம்பு பின்னால் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் கொண்டுவந்து, கடிகாரத்தின் பத்து மணி நிலையில் மீண்டும் நிறுத்த வேண்டும். நரம்புக்கு முன்னால் கெபாரி நீரைத் தொட்டால் வீச்சு சரி. தொட்டதும் கோலை உயர்த்தியே வைத்திருங்கள். ஓடையின் நடுவில் நீர் விரைவாகவும் பாறைக்குப் பின்னால் மெதுவாகவும் ஓடுகிறது; நரம்பு நடுநீரில் படிந்தால் விரையும் நீர் அதை இழுக்கும், அதனுடன் கெபாரியும் பூச்சிக்கு இல்லாத வேகத்தில் ஓடும், மீன் ஒதுங்கிவிடும். கோல் நீளமாக இருப்பதன் பயன் இதுதான்: வண்ண நரம்பு முழுவதையும் காற்றிலேயே வைத்து, மெல்லிய நரம்பின் கடைசிச் சாண்களை மட்டும் நீரில் விடலாம்.

மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதால், கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, வெளிறிய உடை தவிர்த்து, நிழல் நீரில் விழாமல் நெருங்க வேண்டும். சென்ற ஜூலையில், மேசையளவு பாறை ஒன்றின் பின்னால் நுரை மெல்லச் சுழன்றுகொண்டிருந்த இடத்தை முழங்காலிட்டே அணுகினேன். முதல் வீச்சு பாறையிலேயே விழுந்தது. இரண்டாவது நுரையின் ஓரத்தில் விழுந்து மூன்று விநாடி மிதந்தது. ஆரஞ்சு நரம்பின் முனை, யாரோ விரலால் தொட்டதைப் போல, நின்றது. மணிக்கட்டை மட்டும் உயர்த்தினேன். சாம்பல் உடலில் வெண்புள்ளிகள் தெளித்த இவானா, 22 செ.மீ.; ஈரக் கையில் பிடித்து முள்ளைக் கழற்றியதும் பாறைக்கடியில் போய்விட்டது. ஓர் இடத்தில் மூன்று நான்கு வீச்சுகளுக்கு மேல் நிற்காதீர்கள். கடிக்க விரும்பும் மீன் பெரும்பாலும் அதற்குள் கடித்துவிடும்.

ரீல் இல்லாததால் மீனைக் கரை சேர்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். கோலைப் பின்னால் சாய்த்து, மீன் மேற்பரப்புக்கு வந்ததும் மறு கையால் நரம்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். அகன்ற ஆற்றுக்கும் ஏரிக்கும், கோலை வளைத்துக்கொண்டு ஓடும் பெரிய மீனுக்கும் இந்தத் தூண்டில் பொருந்தாது.

கெபாரி கிளையில் சிக்கினால் கோலால் இழுக்கவே கூடாது. மூன்று நாள் பயணம் ஒன்றின் இரண்டாம் காலையில், சோம்பலால் ஒரே ஒரு முறை அப்படி உலுக்கினேன். நுனியிலிருந்து இரண்டாவது துண்டு தீக்குச்சி முறிவது போல ஒரு சத்தத்துடன் போயிற்று. மீதி நாள் முழுதும் முறிந்த கோலைச் சுமந்து நடந்தேன். கோலை மடக்கிவிட்டு, நரம்பைக் கையில் சுற்றி நேராக இழுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். விரிக்கும்போது நுனித் துண்டிலிருந்து தொடங்குங்கள். மடக்கும்போது கைப்பிடிக்கு அடுத்த தடித்த துண்டிலிருந்து. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இடி கேட்டதும் மடக்கிவிட வேண்டும்.

ஜப்பானிய ஓடைகளில் பெரும்பாலானவை உள்ளூர் மீன்பிடிச் சங்கங்களின் பொறுப்பில் இருக்கின்றன. நாள் சீட்டோ ஆண்டுச் சீட்டோ வாங்காமல் இறங்கக் கூடாது. இவானாவும் அமகோவும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவதால் அப்போது தொடங்கிக் குளிர்காலம் வரை தடை இருக்கும். தேதிகளும், எடுத்துச் செல்லத்தக்க மீனின் குறைந்தபட்ச நீளமும் சங்கத்துக்குச் சங்கம் மாறும், சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலுக்கு ஃபெல்ட் அடிப்பாகம் கொண்ட ஓடைச் செருப்பு, கரடிக்காக ஒரு மணி, இவை எடை கூடினாலும் விடத்தக்கவை அல்ல. நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று பொருள்; உடனே கரையேறுங்கள்.

வீடு திரும்பியதும் கோலின் அடி மூடியைத் திருகிக் கழற்றி, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்து, ஓரிரவு செய்தித்தாளின் மேல் நிழலில் உலரவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் மேற்பூச்சு கொப்பளித்து, அடுத்த முறை கோல் மடங்க மறுக்கும்.